அம்மா போட்ட கையெழுத்து

கேள்வி: எனக்கு 26 வயது. 14 வயதில் பெற்றோருடன் டாலஸ் வந்தேன். கல்லூரியில் படிக்கும்போது டெக்சஸ் ராணுவ நேஷனல் கார்டில் (National Guard, மாநிலத்தின் பகுதிநேர ராணுவப் படை) ஆறு வருட ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். மாதம் ஒரு வார இறுதி டிரில், வருடத்துக்கு இரண்டு வாரப் பயிற்சி. டிரக் ஓட்டும் யூனிட். அந்த வழியில் எனக்குக் குடியுரிமையும் சீக்கிரமே கிடைத்தது, படிப்புக்கு மாதாமாதம் பணமும் வந்தது. இந்த வருடம் திருமணமாகி, மனைவியின் வேலைக்காக சியாட்டில் வந்துவிட்டோம். டிரில்லுக்கு டாலஸ் போக விமானத்தில் நாலு மணி நேரம், டிக்கெட் சொந்தச் செலவு. புது ஆபீஸில் லீவும் யோசித்துத்தான் தருகிறார்கள். கடைசி இரண்டு டிரில்லுக்குப் போகவில்லை. சார்ஜென்ட் போன் செய்கிறார், எடுப்பதில்லை. டாலஸில் பெற்றோர் வீட்டுக்குப் போன் வந்தால் நான் ஊரில் இல்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். யூனிட்டிலிருந்து இரண்டு பதிவுத் தபால் வந்ததாம், அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறார். இன்னும் 2 வருடம் 4 மாதம் பாக்கி. முன்கூட்டியே வெளியே வர வழி உண்டா? அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடு என்கிறான் ஒரு நண்பன். போகாமல் இருந்தாலே போதும், அவர்களே பேரை எடுத்துவிடுவார்கள் என்கிறான் இன்னொருவன். எது நல்லது?

— பெயர் வேண்டாம், சியாட்டில்

பதில்: அந்த இரண்டு தபாலிலும் என்ன எழுதியிருக்கிறது, தம்பி?

விமானம், டிக்கெட், ஆபீஸ், நண்பர்கள் எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள். தபாலைப் பற்றி ஒரு வரி, அதுவும் ‘வந்ததாம்’ என்று. பிரித்துப் படிக்கச் சொல்ல உங்களுக்குத் தோன்றவில்லை. மகன் பேருக்கு வந்த கடிதம், மகனே வந்து பிரிக்கட்டும் என்று அம்மா விட்டிருப்பார். நம் வீடுகளில் அப்படித்தான். ஆனால் தபால்காரர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். யூனிட்டுக்கு அது போதும். கடிதம் சேர்ந்தது, இதோ அத்தாட்சி என்று கோப்பில் செருகிவிடுவார்கள். உங்களுக்கு எதிராகத் தயாராகிற கோப்பில் முதல் கையெழுத்து உங்கள் அம்மாவுடையது. அவருக்கு இது தெரியுமா?

தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் போன் வந்தால் பொய் சொல்ல வேண்டும் என்பதுதான். அதுவும் யாரிடம்? ராணுவச் சீருடை போட்ட ஓர் ஆளிடம், அவருக்குச் சரளமாக வராத ஒரு மொழியில். போன் அடிக்கும்போதெல்லாம் அந்த வீட்டில் ஒரு பெண் வயிற்றைக் கலக்கிக்கொண்டு நிற்கிறார். நீங்கள் 1,600 மைலுக்கு மேல் தள்ளி உட்கார்ந்து டிக்கெட் விலை பார்க்கிறீர்கள்.

சரி, தபாலில் என்ன இருக்கும் என்று நான் சொல்கிறேன். நீங்கள் இரண்டு டிரில் என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அவர்கள் கணக்கில் அது எட்டு. சனிக்கிழமை இரண்டு அமர்வு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு அமர்வு, ஆக ஒரு வார இறுதிக்கு நான்கு. இது உங்களுக்குத் தெரியாத கணக்கு இல்லை. இரண்டு நாள் போய்விட்டு நான்கு நாள் சம்பளம் வாங்கினீர்களே, அதே கணக்குதான். வாங்கும்போது நான்கு, விடும்போது ஒன்று என்றால் எப்படி? ஒரு வருடத்துக்குள் அனுமதியில்லாமல் ஒன்பது அமர்வு விட்டால், ஒழுங்காகப் பங்கேற்காதவர் என்று உங்களை முத்திரை குத்த விதி இருக்கிறது. அடுத்த டிரில்லில் சனிக்கிழமை காலை நீங்கள் வரிசையில் நிற்காவிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒன்பது ஆகிவிடும்.

உங்கள் இரண்டாவது நண்பர் சொன்னது பொய் இல்லை. பேரை எடுத்துவிடத்தான் செய்வார்கள். எடுக்கும்போது காகிதத்தில் என்ன எழுதுவார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. ராணுவச் சேவையின் பேரில் குடியுரிமை வாங்கியவர், மொத்தம் ஐந்து வருடம் நல்லபடியாகப் பணி செய்து முடிப்பதற்குள் மரியாதைக் குறைவான விடுவிப்போடு வெளியேற்றப்பட்டால், அந்தக் குடியுரிமையையே ரத்து செய்ய அமெரிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கட்டாயம் ரத்தாகும் என்று நான் பயமுறுத்தவில்லை, ஆகலாம். உங்களுக்கு முடிந்திருப்பது 3 வருடம் 8 மாதம். அந்த ஐந்துக்கே இன்னும் 16 மாதம் இருக்கிறது. படிக்கும்போது வந்த பணமும் ஆறு வருடம் வருகிறேன் என்று எழுதிக் கொடுத்ததற்காக வந்த பணமாகத்தான் இருக்கும். ஒழுங்காக வராதவரிடம் அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்கவும் சட்டம் உண்டு.

தமிழில் எழுதினால் கிரீன் கார்டு, நேஷனல் கார்டு இரண்டுக்கும் ஒரே ‘கார்டு’தான். மற்றவர்கள் முதல் கார்டோடு ஐந்து வருடம் காத்திருந்து, அப்புறம் பணம் கட்டி மனுப் போடுகிறார்கள். உங்களுக்கு இரண்டாவது கார்டு அந்தக் காத்திருப்பையும் கட்டணத்தையும் இல்லாமல் ஆக்கியது. ஊரில் இதை முதல் மாதமே சீட்டு எடுப்பது என்போம். எடுத்ததில் தப்பே இல்லை, அவசரம் இருப்பவர்கள் முதலில் எடுக்கத்தான் சீட்டு. ஆனால் எடுத்த பிறகு, ‘வீடு மாறிவிட்டேன், மீதித் தவணையை விட்டுவிடுங்கள்’ என்று எந்தச் சீட்டுக்காரரிடமாவது சொல்லிப் பாருங்கள். எடுத்தவர் ஆள் அகப்படாவிட்டால் ஜாமீன் போட்டவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். உங்கள் கதையில் கதவு தட்டப்படுவது டாலஸ் வீட்டில்.

இந்தப் பக்கத்தில் இப்படி எத்தனையோ பேருக்குப் பதில் எழுதிவிட்டேன். ஊர் மாறியவர்கள் எல்லோரும் தூரத்தையே காரணமாகச் சொல்கிறார்கள். மனைவியின் வேலைக்காக நீங்கள் கிளம்பி வந்ததைக் குறை சொல்ல மாட்டேன், அது சரியான காரியம். ஆபீஸ் லீவும் ஒரு காரணமே இல்லை. டிரில்லுக்குப் போகும் ஊழியரை வேலை கொடுத்தவர் தடுக்கக் கூடாது, அதற்காக வேலையை விட்டு நீக்கவும் கூடாது என்று 1994 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டியது மட்டும்தான் உங்கள் பொறுப்பு.

தூரத்துக்கும் வழி இருக்கிறது. மாதம் ஒரு முறை மட்டும் சிப்பாய்களாக இருப்பவர்கள் மற்ற நாட்களில் வேலை மாறுவார்கள், கல்யாணம் செய்வார்கள், ஊர் மாறுவார்கள் என்பது ராணுவத்துக்குத் தெரியாதா? ஊர் மாறுவதற்காக ஒப்பந்தத்தை முறிக்க மாட்டார்கள், ஒப்பந்தத்தையே உங்களோடு அனுப்பி வைப்பார்கள். மாநிலம் விட்டு மாநிலம் மாற்றல் என்று ஒன்று உண்டு. வாஷிங்டன் மாநில நேஷனல் கார்டின் தலைமையகம் டகோமா பக்கத்தில் கேம்ப் மரேயில்தான் இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து காரில் போகும் தூரம். டிரக் ஓட்டும் இடம் காலியாக இல்லையென்றால் வேறு வேலை கற்றுக்கொள்ளச் சொல்லலாம், கற்றுக்கொள்ளுங்கள். அதுவும் அமையாவிட்டால், பழைய யூனிட் சம்மதக் கடிதம் கொடுத்தால் ராணுவ ரிசர்வுக்கு (மத்திய அரசின் கீழுள்ள பகுதிநேரப் படை) மாறலாம். மாதாந்திர டிரில் இல்லாத பட்டியலுக்கு மாற்றச் சொல்லியும் கேட்கலாம், ஆனால் அது அவர்கள் விருப்பம். உங்கள் ஆறு வருடம் முடிந்த பிறகு மீதி இரண்டு வருடம் எப்படியும் அந்தப் பட்டியலில்தான் இருக்கப் போகிறீர்கள். அமெரிக்காவில் முதல்முறை சேருகிறவருக்கு மொத்தக் கடமை எட்டு வருடம், உங்கள் ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கும்.

இதில் எந்த வழிக்கும் உங்கள் சார்ஜென்ட்டின் உதவி வேண்டும். அந்த மனிதர் போன் செய்துகொண்டே இருக்கிறார். நீங்கள்தான் எடுக்கவில்லை. கோப்பில் எட்டு ‘வரவில்லை’ ஏறியிருக்கும் ஆளைச் சேர்த்துக்கொள்ள அடுத்த யூனிட் யோசிக்கும். விட்ட நாட்களை வேறு நாளில் ஈடுசெய்ய அனுமதிப்பது உங்கள் கமாண்டர் கையில் இருக்கிறது. போனைக்கூட எடுக்காதவனுக்கு அவர் ஏன் இரங்க வேண்டும்?

2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது டெக்சஸ் ஆளுநர் அந்த மாநில நேஷனல் கார்டு முழுவதையும், ஏறத்தாழ 12,000 பேரை, அழைத்தார். தண்ணீர் நிற்கும் தெருக்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தவை உயரமான ராணுவ டிரக்குகள். அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். அடுத்த புயலில் உங்கள் டிரக்கை ஓட்ட இப்போது பட்டியலில் இருக்கும் பெயர் உங்களுடையது. நீங்கள் ஒழுங்காக மாற்றல் வாங்கிப் போனால் அந்த இடத்துக்கு இன்னொருவரைச் சேர்ப்பார்கள். ஒளிந்துகொண்டால் இடமும் காலியாகாது, ஆளும் இருக்க மாட்டார்.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதும் யோசனைக்கு நான் பதிலே சொல்லப் போவதில்லை. உண்மையிலேயே அப்பா படுத்துவிட்டு, பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாதவர்களுக்காக அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அம்மாவைப் பொய் சொல்ல வைத்தாயிற்று, இனி அப்பாவை நோயாளி ஆக்க வேண்டுமா?

இன்று இரவே அம்மாவுக்கு வீடியோ கால் போடுங்கள். அந்த இரண்டு கவரையும் பிரித்து ஒவ்வொரு பக்கமாகக் காட்டச் சொல்லுங்கள். பதில் கொடுக்கக் கடைசித் தேதி ஏதாவது போட்டிருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை சார்ஜென்ட்டைக் கூப்பிட்டு, சியாட்டில் முகவரியைக் கொடுத்து, மாற்றல் வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த டிரில்லுக்கு மட்டும் டிக்கெட்டைப் பார்க்காமல் டாலஸ் போய் நில்லுங்கள். குடியுரிமை விஷயத்தை ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

வீடியோ காலை வைக்கும் முன்பு அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள்: இனி சார்ஜென்ட் போன் செய்தால் என் சியாட்டில் நம்பரைக் கொடுத்துவிடு, அம்மா.