பாரவூர்தியா, பொறியியலா: ஸ்காபரோவிலிருந்து ஒரு பதில்

தம்பி, மொறட்டுவையில் குடிசார் பொறியியல் படித்து எட்டு ஆண்டுகள் வேலை பார்த்த நீங்கள், கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து ஏழு மாதமாகப் பண்டகசாலையில் இரவு வேலை செய்வதாகவும், பாரவூர்தி உரிமம் எடுக்கச் சொல்லும் உறவினருக்கும் முதுகலை படிக்கச் சொல்லும் நண்பருக்கும் நடுவே எந்த முடிவுக்கும் துணிவு வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

உங்களிடம் துணிவு இல்லை என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்குப் புத்தி சொல்பவர்களில் உங்கள் தொழில் தெரிந்தவர் ஒருவரும் இல்லை, அவ்வளவுதான். எண்பதுகளின் இறுதியில் அகதியாக வந்த என் பெரியப்பாவுக்கு, கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டதுதான் சரியான முடிவு. அதையே அவர் எனக்கும் அன்போடு சொல்ல, நானும் தட்ட முடியாமல் ஒரு தொழிற்சாலையில் இரண்டு ஆண்டுகளைக் கழித்தேன்.

பிறகு, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குக் கொங்கிரீட் பரிசோதிக்கும் வேலையில் சேர்ந்தேன். முதல் நாள் மிசிசாகாவில் ஒரு வேலைத்தளத்தில், 300 மில்லிமீற்றர் உயரக் கூம்பில் ஈரக் கொங்கிரீட்டை மூன்று படைகளாக நிரப்பி, ஒவ்வொன்றையும் 25 முறை கம்பியால் குத்தி, கூம்பை மெல்லத் தூக்கியபோது, நான் படித்த பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் பழகிய கை தானாகவே ஓடியது. குளிரில் விரல்கள் விறைத்துப்போனது வேறு கதை. சரிவு, அதாவது கூம்பை எடுத்ததும் கொங்கிரீட் இறங்கிய அளவு, 80 மில்லிமீற்றர் என்று எழுதிக் கையெழுத்திட்டபோதுதான், பல நேர்காணல்களில் தொலைத்த நம்பிக்கை கொஞ்சம் திரும்பியது.

அன்று நம் ஒன்ராறியோ மாகாணத்தில் பொறியியலாளர் உரிமம் பெறத் தேவைப்பட்ட 48 மாத அனுபவத்தில் 12 மாதம் கனடாவில் பெற்றதாக இருக்க வேண்டியிருந்தது. அந்த நிபந்தனையை 2023 மே மாதம் நீக்கிவிட்டார்கள். பொறியியலாளர் என்ற பட்டப்பெயரைப் போட்டுக்கொள்ள முடியாதே தவிர, உரிமம் உள்ள ஒருவர் பொறுப்பேற்றால் அவருக்குக் கீழ் இன்றே நீங்கள் வேலை செய்யலாம். உங்கள் உறவினருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

பணத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். வாடகைக்குத் தட்டுப்பாடு இருந்த நாட்களில் நான் எடுத்த முடிவுகள் எல்லாம் பயத்தில் எடுத்தவை; மனைவிக்கு நிரந்தர வேலை கிடைத்த பின்னரே சம்பளம் குறைந்த அந்த வேலைக்கு மாற முடிந்தது. ஆகவே இரவு வேலையை இப்போதைக்கு விட வேண்டாம். எட்டு ஆண்டுகளில் செய்தவற்றை, எந்தக் கட்டடம், உங்கள் பொறுப்பு என்ன, எந்தக் கணக்கை நீங்களே போட்டீர்கள் என்று பிரித்து எழுதி எனக்கு அனுப்புங்கள். நான் பார்த்துவிட்டு, உரிமம் உள்ள என் நண்பர் ஒருவரிடம் உங்களை அழைத்துப் போகிறேன். முதுகலைக்குப் பணம் கட்டுவதை அதுவரை தள்ளி வையுங்கள்.