இடுப்பு எலும்பு முறிவுக்குப் பின்: பிசியோ பதில்கள்

அப்பாவுக்கு 71. இடுப்பில் பந்து மாற்றி 3 வாரம். குழித்தறியில் (குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்யும் தறி) எப்போது உட்காரலாம்? (அம்மாப்பேட்டை)

இப்போது வேண்டாம். குழியில் கால் தொங்குவதால் உட்கார்ந்தபின் இடுப்புக்குச் சிரமம் குறைவு. இறங்கி ஏறும்போதுதான் இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கித் திருகும். பந்து நழுவுவது அப்படித்தான். பெரும்பாலும் 6 முதல் 12 வாரம் பொறுக்க வேண்டும், எந்த நாள் என்பதைச் சர்ஜன் சொல்லட்டும். அதுவரை முழங்காலைவிட உயரமான நாற்காலி, கக்கூஸுக்குக் கமோடு சேர், படுத்தால் கால்களுக்கு நடுவே தலையணை.

அம்மாவுக்கு 78. ராடு வைத்து 5 வாரம். காலை ஊன்றலாம் என்று சர்ஜன் சொல்லியும் ஓரடி எடுக்க மறுக்கிறார். சோம்பலா? (ஏற்காடு)

சோம்பல் இல்லை, பயம். படுத்தே இருந்தால் தொடைத்தசை கரையும், நின்றால் கால் நடுங்கும், நடுங்கினால் பயம் இன்னும் கூடும்.

முதலில் வாக்கரைப் பாருங்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். தாழ்வாக இருந்தால் குனிந்து தரையைப் பார்த்தே நடப்பார், பயமும் கூடும். கட்டில் ஓரத்தில் 2 நிமிடம் உட்காரவைத்து, தலைசுற்றல் இல்லை என்றால் எழுப்புங்கள். வாக்கர், அடிபட்ட கால், நல்ல கால்: இதுதான் வரிசை. நீங்கள் அடிபட்ட பக்கம் சற்றுப் பின்னால் நின்று இடுப்பைப் பிடியுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

அடுப்படி ஜன்னல் வரை போதும். பாதி வழியில் ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள், அதைக் கண்டாலே பாதி பயம் போய்விடும். எப்போது உட்காருவது என்பதை அவரே சொல்லட்டும். 'பாத்து, விழுந்துடுவே' என்று பின்னாலேயே சொல்லிக்கொண்டு போகிறவரை, மகளே ஆனாலும், வெளியே அனுப்புங்கள். படியில் ஏற நல்ல கால் முதலில், இறங்க அடிபட்ட கால் முதலில். பனிமூட்டத்தில் நனைந்த கல்படி மட்டும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து மாமா சாயங்காலமானால் உளறுகிறார். வயதுக் கோளாறா?

திடீரென வந்தது என்றால் அப்படி விட்டுவிடாதீர்கள். மூத்திரக் கிருமி, உப்புக் குறைவு, மலச்சிக்கல், வலி மாத்திரை, எதுவும் காரணமாகலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். கண்ணாடியும் காதுமெஷினும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பாட்டி சாப்பிடுவதில்லை, 'நான் பாரம்' என்று அழுகிறார்.

2 வாரம் தாண்டினால் மனநல மருத்துவரிடம் போங்கள். அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. சாக வேண்டும் என்று சொன்னால் 2 வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே கூட்டிப்போங்கள்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறது. எண்ணெய் போட்டு உருவலாமா?

கூடாது. ரத்தக்கட்டியாக இருந்தால், உருவும்போது நுரையீரலுக்குப் போய்விடலாம். இன்றே ஸ்கேன்.