மணல்ல ஜெயிச்ச டீம் காரைக்குடில ஏன் தோக்குது? (வாசகர் கேள்வி பதில்)

அண்ணே, எங்க காலேஜ் ஃபுட்பால் டீம்ல எட்டு பேரு கடக்கரை பசங்கதான். ஊர் திருவிழா மேட்ச், டீமுக்கு ஏழு பேரா ஆடுற செவன்ஸ் எதுலயும் எங்கள அடிக்க ஆளில்ல. ஆனா இன்டர் காலேஜ் ஆட காரைக்குடி போனா மொத ரவுண்டுலயே 4-0. பாஸ் எல்லாம் ஓடிப்போயிடுதுண்ணே. ரெண்டு சீசனா இதே கததான்.
– பேரு வேணாம்னு கேட்ட தம்பி, மண்டபம்

தம்பி, "பாஸ் எல்லாம் ஓடிப்போயிடுது"ன்னு போறபோக்குல எழுதியிருக்க பாரு, பதிலே அதுக்குள்ளதான் கெடக்கு. நம்ம மணல்ல பந்து விழுந்த எடத்துலயே செத்துப்போகும், பத்தடி தள்ளி நிக்கிறவனுக்குக் குடுக்கணும்னாக்கூட ஓங்கித்தான் மிதிக்கணும், காலு அதுக்கே பழகிப்போச்சு, அதே மிதிய செம்மண் தரையில மிதிச்சா பந்து அவனையும் தாண்டி லைனையும் தாண்டிப் போயிடும், த்ரோ எதிர் டீமுக்கு. இப்படியே ஒரு இருவது தடவ குடுத்தா அவன் நாலு கோல் அடிக்காம என்ன செய்வான்?

கீப்பர் பாடு இன்னும் மோசம். மணல்ல குத்துற பந்து எந்திரிக்காது, குனிஞ்சு அள்ளிக்கலாம். கட்டாந்தரையில அதே பந்து மொகத்துக்கு வரும். நானும் கீப்பரா நின்னவன்தான், மொத மொத வெளியூர் மேட்ச்ல அள்ளலாம்னு குனிஞ்சேன், பந்து என் தோளுக்கு மேல ஏறி உள்ள போயிடுச்சு, நான் ரெண்டு கையையும் தரையில வச்சபடியே திரும்பிப் பாக்குறேன், போஸ்ட்டுக்குப் பின்னாடி உக்காந்திருந்த பயலுக சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல கேக்குது.

அதுக்காக மணல விட்டுறாத. கெண்டைக்கால்ல உனக்கு இருக்கிற தெம்பு டவுன் பசங்களுக்கு வராது. வாரத்துல ரெண்டு நாளு மட்டும் காஞ்ச கண்மாய்க்குள்ள போயி ஆடுங்க, நம்ம மாவட்டத்துல கண்மாய்க்கா பஞ்சம், ஆடி ஆவணில முக்கால்வாசி கண்மாய் தண்ணியில்லாமத்தானே கெடக்கு. வெடிப்பு இல்லாத எடமா பாரு, இல்லன்னா கணுக்கால் போயிடும். ஆடுறதுக்கு முன்னாடி அஞ்சாறு பேரு வரிசையா நடந்து சீமக்கருவேல முள்ளப் பொறுக்கிருங்க, பந்து விக்கிற வெலைக்கு ஒரு முள்ளு போதும் மாசச் செலவ முடிச்சு வைக்க. பந்துல காத்து 0.6ல இருந்து 1.1 அட்மாஸ்பியர் வரைக்கும் இருக்கலாம்னு ரூலு. நீங்க மணலுக்குன்னு கல்லு மாதிரி அடிச்சு வச்சிருப்பீங்க, கண்மாய்க்குப் போறப்ப கொஞ்சம் எறக்கிக்கங்க.

இன்னொன்னு, சீசன் சீசன்னு எழுதியிருக்க. நாக்கவுட்ல மொத ரவுண்டுல தோத்தா உன் சீசன் வெறும் 90 நிமிஷம்தானப்பா! வருஷம் பூராம் ப்ராக்டிஸ், ஒரு மேட்ச், வீட்டுக்கு பஸ்ஸு. எனக்கு இது சுத்தமா பிடிக்கல. ராம்நாடு, கீழக்கரை, பரமக்குடி, ராமேஸ்வரம்னு நாலு ஊர்லயும் காலேஜ் இருக்கு, நாலு டீம் பேசி வச்சு ஒருத்தர் ஊருக்கு ஒருத்தர் போயி ஆடுனா மொத்தம் 12 மேட்ச், உங்களுக்கு மட்டும் 6. விதவிதமான தரையும் பழகிடும். ஜூலைல ஆரம்பிச்சு செப்டம்பருக்குள்ள முடிச்சிரணும், அதுக்கு மேல போனா மழையும் வந்துரும் செமஸ்டரும் வந்துரும். பி.டி. சார்கிட்ட பேசுங்க, கப்பு கிப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், பஸ் காசுக்கு மட்டும் வழி பண்ணச் சொல்லுங்க.

காக்கா (அண்ணே), டாஸ் ஜெயிச்சா காத்துப் பக்கம் எடுக்கவா, பந்து எடுக்கவா?
– கீழக்கரை கல்லூரி மாணவர்

முன்னாடி எந்தப் பக்கம்னு மட்டும்தான் கேக்கலாம், 2019ல ரூல மாத்துனதுல இருந்து பக்கமா கிக்-ஆஃபான்னு டாஸ் ஜெயிச்சவனே சொல்லலாம். நம்ம கடக்கரைல கிக்-ஆஃப் கேக்குறவன் காத்த அறியாதவன். கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல நாலு மணிக்கு மேட்ச்னா மொதப் பாதியிலயே காத்த முதுகுல வாங்கிக்க, பொழுது எறங்குனா பல நாள் காத்தும் எறங்கிடும், ரெண்டாம் பாதிக்கு மிச்சம் வச்சிருந்தவன் ஏமாந்துதான் நிப்பான். எதிர்க்காத்துல ஆடுறப்ப மட்டும் கீப்பர ஒசரத் தூக்கி அடிக்க விடாத, அடிச்ச பந்து அவன் தலைக்கே திரும்பி வரும்.

தம்பி, எம்மகன் காலேஜ்ல பந்து வெளையாடுறான். லீவு நாள்ல அவங்க அப்பாகூட கடலுக்கும் போறான். மேட்ச் அன்னைக்கு நிக்கக்கூட முடியலன்னு வந்து படுத்துக்கிறான். வெளையாட்ட நிறுத்தச் சொல்லவா?
– ஒரு தாய், தங்கச்சிமடம்

அக்கா, நிறுத்தச் சொல்லாதீங்க. ராத்திரி பூராம் வலை இழுத்துட்டு வர்ற பையன் காலைல பந்துக்குப் பின்னாடி ஓடுனா ஒடம்பு என்ன இரும்பா? வெசப்படகு வாரத்துல மூணு நாளுதான் போகுது. மேட்ச்சுக்கு முந்துன ராத்திரி மட்டும் கரையில படுக்க விடச் சொல்லி அண்ணன்கிட்ட நீங்க பேசுங்க, பையன் கேட்டா திட்டுவாரு, நீங்க கேட்டா யோசிப்பாரு. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாளு படகு கரையிலதான நிக்கும், ஒடம்ப ஏத்துறதுக்கு அத விட நல்ல நேரம் கெடையாது. மேட்ச் அன்னைக்கு மூணு மணி நேரம் முன்னாடியே சாப்பிட வச்சிருங்க, எறங்குறதுக்கு முன்னாடி உப்பு போட்ட நீராகாரம் ஒரு சொம்பு.

எங்க மச்சான் அமெரிக்காவுல படிக்கிறான். காலேஜ் ஃபுட்பால் பாக்க ஒரு லட்சம் பேரு வந்தாங்கன்னு சொல்றான். ரீலா?
– தொண்டி வாசகர்

ரீல் இல்ல. மிச்சிகன் யூனிவர்சிட்டி ஸ்டேடியத்துல மட்டும் 1,07,601 சீட்டு. ஆனா அது நம்ம ஃபுட்பால் இல்லப்பா, ஹெல்மெட் போட்டுக்கிட்டு முட்ட மாதிரி ஒரு பந்த கையில தூக்கிட்டு ஓடுற ஆட்டம். ஆகஸ்ட் கடைசில ஆரம்பிச்சு ஒரு டீமுக்கு 12 மேட்ச், அப்புறம் ப்ளே-ஆஃப், முடியறதுக்கு ஜனவரி ஆயிடும். எனக்கு அந்த ஆட்டம் புரியாது, அந்த 12 மேட்ச் மேலதான் பொறாம.

எங்க காலேஜ்ல பொண்ணுங்க டீம் ஆரம்பிக்கணும்ணா பதினோரு பேரு சேர மாட்டேங்குது.
– பெரியபட்டினம் தங்கச்சி

ஏழு பேரு இருந்தாலே ரூல்படி மேட்ச் ஆரம்பிக்கலாம்மா, ஏழுக்குக் கொறஞ்சாத்தான் முடியாது. ஏழு பேர வச்சு ஆடுங்க, வேடிக்க பாக்க வர்றதுல நாலு பேரு எறங்கிருவாங்க. வீட்ல கேட்டா மதுரை சேது எஃப்.சி. கதையச் சொல்லு, 2019ல மணிப்பூர் போலீஸ் டீமையே 3-1ல அடிச்சு இந்தியன் விமன்ஸ் லீக் கப்ப நம்ம பக்கம் கொண்டாந்த டீம் அது.

அண்ணே, உங்க காலேஜ் காலத்துல மொத்தம் எத்தன கோல் விட்டிருப்பீங்க?
– குறும்புக்காரன், பாம்பன்

எண்ணிக்கிட்டிருந்தவன் பூராம் துபாய்க்குப் போயிட்டான்டா.