சாதகமான சிசிடிவி பதிவை அரசு வழக்கறிஞர் தர மறுத்தால்

உங்கள் தம்பி வழக்கில் போலீஸ் கைப்பற்றிய சிசிடிவி பதிவு குற்றப்பத்திரிகையில் இல்லை, கேட்டால் "நாங்கள் அதைச் சாட்சியமாகக் காட்டவில்லை, தர வேண்டியதில்லை" என்கிறார் அரசு வழக்கறிஞர் என்று எழுதியிருந்தீர்கள். இது நியாயமே இல்லை. அவர் போலீஸின் வக்கீல் அல்ல. எப்படியாவது தண்டனை வாங்கித் தருவது அவர் வேலை இல்லை என்று 1999இல் சிவகுமார் எதிர் ஹுக்கம் சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. அப்புறம் 2022இல் மனோஜ் வழக்கில், அரசுத் தரப்பு பயன்படுத்தாத ஆவணங்கள், பொருட்களின் பட்டியலையும் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, தர வேண்டும் என்றது. சசிகலா வழக்கின் 2012 தீர்ப்பையும் உங்கள் வக்கீலைப் படிக்கச் சொல்லுங்கள். கைப்பற்றியும் நீதிமன்றத்தில் சான்றாகக் குறியீடு செய்யாத ஆவணங்களைப் பார்வையிட அது அனுமதித்தது. முதலில் அந்தப் பட்டியலைக் கேட்டு மனு போடுங்கள். பதிவை அழியாமல் பாதுகாக்க உத்தரவிடும்படியும் அதிலேயே கேளுங்கள், தாமதிக்க வேண்டாம்.