டிரிஃப்ட்டில் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்புவது ஏன்?

இடப்பக்க வளைவில் டிரிஃப்ட் செய்பவர் (அதாவது, காரை வேண்டுமென்றே வழுக்கவிட்டு ஓட்டுபவர்) ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்புவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்போது பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்து வளைவின் வெளிப்பக்கமாக வழுக்குகின்றன. காரின் முகப்போ உள்ளே திரும்பிவிடுகிறது. கார் உண்மையில் நகரும் திசைக்கு முன்சக்கரங்களைத் திருப்பினால்தான் அது பம்பரமாகச் சுழலாது.

என்னைக் கேட்டால், ஸ்டீயரிங்கைவிட ஆக்ஸிலரேட்டர்தான் கடினம். பின்சக்கர இயக்கக் காரில், அதாவது என்ஜின் பின்சக்கரங்களைச் சுழற்றும் காரில், வழுக்கலைத் தக்கவைப்பது வலது பாதம். பயத்தில் அதைச் சட்டென்று எடுத்தால், வெறுமனே சுழன்றுகொண்டிருந்த பின் டயர்கள் திடீரென்று தரையைப் பற்றும். முன்சக்கரங்கள் இன்னும் வலப்பக்கம் பார்த்திருப்பதால் கார் மறுபக்கம் சாட்டைபோல் வீசும். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பாதத்தை மெல்லத் தளர்த்துங்கள், ஸ்டீயரிங்கையும் கூடவே நேராக்குங்கள். பயிற்சியை மூடிய களத்தில், ஈரத் தரையில் தொடங்குங்கள். குறைந்த வேகத்திலேயே வழுக்கல் கிடைத்துவிடும், டயரும் அதிகம் தேயாது.