சர்க்கரையும் இதயச் செலவும்: வாசகர் கேள்விகள்

கே: அப்பாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. இதயத்தில் மூன்று ரத்தக்குழாயில் அடைப்பாம். ஸ்டென்ட் செலவு குறைவா, பைபாஸா? (புளியரை)

ப: வயது, இதய எக்கோ, கிட்னிக்கான கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை எதையும் எழுதாமல் செலவை மட்டும் கேட்டால் நான் என்ன சொல்ல? பொதுவாகச் சொல்கிறேன். 2017இல் விலை உச்சவரம்பு வந்ததால் மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்று இப்போதும் நாற்பதாயிரத்தை ஒட்டித்தான், ஆனால் மூன்று நான்கு வைத்தால் பில் எங்கேயோ போய்விடும். சர்க்கரை உள்ளவருக்குப் பல குழாய்களில் அடைப்பு என்றால் பெரும்பாலும் பைபாஸ்தான் தாங்கும். இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டையும் ஒப்பிட்டு 2012இல் வந்த ஃப்ரீடம் ஆய்வில், ஐந்து வருஷத்தில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றையும் சேர்த்து ஸ்டென்டில் நூற்றுக்கு 27 பேர், பைபாஸில் 19 பேர். பக்கவாதம் மட்டும் பைபாஸில் கொஞ்சம் கூடுதல். ரிப்போர்ட்டோடு திரும்ப எழுதுங்கள்.

கே: முதல்வர் காப்பீட்டு அட்டை திருவனந்தபுரத்தில் செல்லுமா? (களியக்காவிளை)

ப: திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் மட்டும்தான் செல்லும். அட்மிட் ஆவதற்கு முன்பே காப்பீட்டு கவுன்டரில் கேளுங்கள். ஆனால் நெஞ்சைப் பிடித்த ராத்திரியில் இந்தக் கணக்கு வேண்டாம், 108ஐக் கூப்பிட்டு எது பக்கமோ அங்கே போங்கள்.

கே: ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம். நல்லாத்தான் இருக்கிறேன். மாத்திரைக்கே மாதம் மூவாயிரம். சிலதை நிறுத்தலாமா? (கம்பம்)

ப: நிறுத்தாதீர்கள். "நல்லாத்தான் இருக்கிறேன்" என்று யாராவது சொன்னாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. உங்கள் பக்கத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வரும் ஒரு அம்மா போன மழைக்காலத்தில் வந்தார், மஞ்சப்பையை என் மேஜையில் கவிழ்த்தார், சர்க்கரை மாத்திரை அட்டைகள் காலி, ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் குளோபிடோக்ரல் அட்டை நான்கு மட்டும் ஒரு மாத்திரைகூடப் பிரிக்காமல் அப்படியே இருந்தன. மிச்சம் பிடித்தது மாதம் இருநூறு ரூபாய் இருக்கும். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டது, மறுபடி ஆஞ்சியோபிளாஸ்டி, மகன் வண்டியை விற்றுத்தான் பில் கட்டினார். எத்தனை மாதம் குளோபிடோக்ரல், எது ஆயுசுக்கும் என்பதை ஸ்டென்ட் வைத்த டாக்டர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

செலவைக் குறைக்க வழி இருக்கிறது. கம்பெனி பெயரில் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரில், அதாவது ஜெனரிக் பெயரில், எழுதித் தரச் சொல்லுங்கள், மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் விசாரியுங்கள். சர்க்கரைக்குத் தரும் எம்பாகிளிஃப்லோசின் மாத்திரை ஒன்று அறுபது ரூபாய் வரை இருந்தது, 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்ததும் பத்து ரூபாய்க்குள் கிடைக்கிறது. உங்கள் சீட்டிலும் அது இருந்து, பழைய பிராண்டையே வாங்கிக்கொண்டிருந்தால் உங்கள் மூவாயிரத்தில் பாதி அங்கேதான் போகிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும். டாக்டரைக் கேட்டு மாற்றுங்கள். நிறுத்த மட்டும் வேண்டாம்.

கே: சுகர் இருப்பதைச் சொல்லாமல் பாலிசி எடுத்தால்? (செங்கோட்டை)

ப: கிளெய்மில் மாட்டுவீர்கள், பழைய மருந்துச் சீட்டே காட்டிக்கொடுக்கும். சொல்லி எடுத்தால், சுகருக்கு கிளெய்ம் கிடைக்கக் காத்திருக்கும் காலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக் கூடாது, 2024இல் வந்த விதி.

கே: வலியே இல்லை, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பத்து வருஷ சுகர். ஈசிஜி வீண்செலவுதானே? (குமுளி)

ப: முந்நூறு ரூபாய்ச் செலவு அது. சர்க்கரை நரம்பை மழுக்கிவிட்டால் மாரடைப்பே வலிக்காமல் வரலாம், மூச்சுத் திணறலும் வியர்வையும் மட்டும்தான் தெரியலாம். உங்கள் கடிதத்தில் பத்து நாள் முந்தைய தேதி இருக்கிறது. இன்னும் போகவில்லை என்றால் இன்றைக்கே போங்கள், துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு.