மேயவிடும் கோழிகளை முட்டைப் பெட்டிக்குப் பழக்குவது எப்படி?

முட்டைப் பெட்டி என்பது கோழி நிம்மதியாக உட்கார்ந்து முட்டையிட நாம் அமைத்துத் தரும் மறைவிடம். நாலு பக்கமும் சுமார் 30 சென்டிமீட்டர் இருந்தால் சரி. 4, 5 கோழிகளுக்கு ஒன்று போதும்.

தோட்டத்தில் மேயும் கம்பத்துக் கோழி லயத்துக்குப் பின்னால் கிடக்கும் செம்பனை மட்டைக்கு அடியிலோ லாலாங் புதரிலோ முட்டையிடுவது அடம் அல்ல. உடும்பு, பாம்பு கண்ணில் படாத இருட்டைத் தேடுவது அதன் இயல்பு. அந்த இருட்டைப் பெட்டியில் கொடுங்கள்: வாசலில் பாதிக்குச் சாக்குத் துணி, உள்ளே தடிமனாகக் காய்ந்த புல். அப்புறம் முட்டை போலத் தெரிய ஒரு கோல்ஃப் பந்து. ரொட்டி சானாய் கடையில் கூட்டத்தைப் பார்த்துத்தானே நாமும் நுழைகிறோம்? முட்டை கிடக்கும் இடத்தைக் கோழியும் அப்படித்தான் நம்பும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் காலை நேரம். பெரும்பாலான முட்டைகள் அப்போதுதான் வரும். ஆகவே ஒரு வாரமாவது காலை 10, 11 மணிவரை கோழிகளைப் பெட்டி இருக்கும் கூண்டுக்குள் தீனி, தண்ணீரோடு அடைத்து வைத்து, பிறகு திறந்துவிடுங்கள். இரவில் பெட்டிக்குள் தூங்க விடாதீர்கள், எச்சத்தில் புல் நாறிவிடும். உட்காரும் கம்பைப் பெட்டியைவிட உயரமாகக் கட்டினால் அங்கேயே ஏறிக்கொள்ளும்.

பெட்டி காலியாக இருந்தால் கோழி முட்டையிடுவதையே நிறுத்திவிட்டது என்று பலர் கறிக்கு அறுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து முதலில் மட்டைக் குவியலைப் புரட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அது வேறு இடத்தில் முட்டையிட்டுக்கொண்டுதான் இருக்கும்.